யார் சொல்லி வந்தீர்கள்?

போன வாரம் என் மின்னஞ்சலில் ஒருவர் கடை விரித்தார். 300 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்தைச் சுட்டும் இணைப்பு), விலை 6,000 ரூபாய், 15 நாளில் வேலை முடியும், அத்தனையும் 'அத்தாரிட்டி 50-க்கு மேல்' உள்ள தளங்கள். இந்த மாதிரிக் கடிதங்களைப் படிக்காமலே அழித்துவிடுவது என் வழக்கம். இதை மட்டும் மூன்று நாளாக அழிக்காமல் வைத்திருக்கிறேன். 2022-இல் ஏறக்குறைய இதே வாசகங்களோடு வந்த ஒரு மின்னஞ்சலுக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். அதுவும் என் பணம் இல்லை. ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூ வேலைப்பாடுள்ள தரைக் கல், செய்யும் ஓர் அண்ணனின் பணம். அவர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

காரைக்குடியில், செக்காலைப் பக்கம் ஓர் அறையில் உட்கார்ந்து இணையதளங்கள் செய்துகொடுப்பது என் பிழைப்பு. பலகாரக் கடைக்காரர், கண்டாங்கி நெய்கிறவர், பழைய கதவும் தூணும் விற்கிறவர் என்று யார் வந்தாலும் இரண்டாவது கேள்வி ஒன்றுதான்: "கூகுளில் முதலில் வருமா?" முதல் கேள்வி எவ்வளவு ஆகும் என்பது. பூக்கல் அண்ணன் இரண்டையும் கேட்கவில்லை. "நாம் செய்கிற கல்லைப் பார்த்துவிட்டு ஒருவர் நேரில் வர வேண்டும் தம்பி, அவ்வளவுதான்" என்றார். முதலிடத்துக்கு ஆசைப்பட்டவன் நான். 'ஆத்தங்குடி டைல்ஸ் விலை' என்று தேடினால் எங்கள் தளம் மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. மூன்றாம் பக்கம் என்பது ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் கடை போட்டதற்குச் சமம்.

பணம் கட்டிய ஒன்றரை மாதத்தில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். திரையைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். "சரி தம்பி" என்று பதில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று கூகுள் இணைப்பு மோசடிக்கு எதிரான மாற்றம் ஒன்றைத் தொடங்கியது. ஸ்பேம்பிரெய்ன் என்ற தன் கருவி இனிமேல் இணைப்பை விலைக்கு வாங்கும் தளங்களையும், இணைப்பை விற்பதற்காகவே நடக்கும் தளங்களையும் கண்டுகொள்ளும் என்று அறிவித்தது. மாற்றம் நடைமுறைக்கு வந்து முடிந்தபோது 2023 ஜனவரி 12. பொங்கலுக்குக் கரும்பு வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் தேடிப் பார்த்தேன். மூன்றாம் பக்கம். பழைய இடம், பழைய அண்டை வீட்டார்.

என்னை அரித்தது சரிவு இல்லை. தண்டனை எதுவுமே வரவில்லை என்பதுதான். எச்சரிக்கைக் கடிதம் இல்லை, தளம் தேடலிலிருந்து காணாமல் போகவில்லை. 2012 ஏப்ரலில், போலி இணைப்புகளைப் பிடிக்கக் கூகுள் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றம் வந்த காலத்தில் இப்படி இணைப்பு வாங்கியவர்களின் தளங்கள் அதலபாதாளத்துக்குத் தள்ளப்பட்டதைப் படித்திருக்கிறேன். அதே பெங்குவின் 2016 செப்டம்பரில் கூகுளின் மையக் கணக்கோடு சேர்க்கப்பட்டபோது குணம் மாறிவிட்டது. மோசமான இணைப்புக்காகத் தளத்தைக் கீழே தள்ளுவதை விட்டுவிட்டு, அந்த இணைப்பை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடத் தொடங்கியது. திட்டினால் பதில் சொல்லலாம். கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன செய்வது?

பட்டியலில் இருந்தவை

அந்த 300 இணைப்புகளின் பட்டியல் எக்செல் கோப்பாக வந்திருந்தது. வாங்கிய அன்று எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். பொங்கல் விடுமுறையில், அவமானத்தோடு, ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு தளத்தில் முடி கொட்டுவதற்கு எண்ணெய், அதற்குக் கீழே கடன் செயலி, அதற்குக் கீழே எங்கள் பூக்கல். இன்னொன்று எனக்குத் தெரியாத மொழியில் இருந்தது. எண்ணிப் பார்த்தால் 300 இணைப்பும் வெறும் 38 தளங்களிலிருந்து வந்தவை. நகரத்தார் கோவில் வரிக்கணக்கு தெரிந்தவர்களுக்கு இது உடனே உறைக்கும். கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. வீட்டில் எத்தனை அறை, எத்தனை சன்னல் என்று யாரும் எண்ணுவதில்லை, கணக்குப் புள்ளிக்குத்தான். ஒரே தளம் நம்மை எட்டு முறை சுட்டினால் எட்டு வாக்கு விழுந்ததாக நினைத்துக்கொள்வது சன்னலை எண்ணிப் புள்ளிக்கணக்கு எழுதுகிற வேலை.

அதைவிட அசிங்கம் ஒன்று இருந்தது. அந்த இணைப்புகளில் பெரும்பாலானவை ஒரே சொற்களைத் தாங்கியிருந்தன: 'ஆத்தங்குடி டைல்ஸ் விலை'. எந்த மனிதனும் இப்படி எழுத மாட்டான். கடையின் பெயரைப் போடுவான், வெறும் முகவரியை ஒட்டுவான், 'இங்கே பாருங்கள்' என்பான். இணைப்பின் மேல் இருக்கும் சொற்கள், அது போய்ச் சேரும் பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறிக்குச் சொல்கின்றன என்பது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் எல்லோரும் ஒரே சொற்றொடரைத் திணித்தோம். முப்பத்தெட்டு ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் ஒப்பித்தால் பஞ்சாயத்தில் யார் நம்புவார்கள்?

'அத்தாரிட்டி 50' என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. டொமைன் அத்தாரிட்டி என்பது மாஸ் என்ற நிறுவனம் 100-க்குப் போடும் மதிப்பெண். ஏரெஃப்ஸ் நிறுவனம் டொமைன் ரேட்டிங் என்று வேறொன்றைப் போடுகிறது. கூகுள் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. இணைப்புகளை வைத்துப் பக்கங்களுக்குத் தானே மதிப்புப் போட்டுக் கூகுள் வெளியில் காட்டிக்கொண்டிருந்த பேஜ்ரேங்க் எண்ணும் 2016-இல் நின்றுவிட்டது. இவை தோராயமாகத் தளங்களை ஒப்பிட உதவும், மறுக்கவில்லை. ஆனால் விற்கிறவர் வாயிலிருந்து வரும்போது, கல்யாணத் தரகரே பார்த்துச் சொல்லும் பத்துப் பொருத்தத்துக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவுதான் அவற்றுக்கும்.

(பேக்லிங்க்குக்குத் தமிழில் 'பின்னிணைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது புத்தகத்தின் கடைசியில் வரும் அட்டவணையைத்தான் நினைவூட்டுகிறது. ஆகவே பேக்லிங்க்.)

நோட்டு

அடுத்த மாசியில் ஒரு பிற்பகல், புதுப் படங்கள் எடுப்பதற்காக ஆத்தங்குடிப் பட்டறைக்குப் போயிருந்தேன். மின்சாரம் இல்லை. பூக்கல் செய்ய மின்சாரம் தேவையும் இல்லை. கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, அறை அறையாக நிறச் சாந்தை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு கலவையைப் போட்டு மட்டம் செய்து ஒதுக்கி வைக்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது. வழுவழுப்பு முழுவதும் அடியில் இருக்கும் கண்ணாடி கொடுப்பது. முகம் கீழே இருக்கும். செய்கிறவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நிழலில் உட்கார்ந்திருந்தபோது மேசைமேல் கிடந்த நீள நோட்டை எடுத்துப் புரட்டினேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

தேதி, பெயர், ஊர், எத்தனை சதுர அடி, அதற்கு அடுத்த கட்டத்துக்குத் தலைப்பு: 'யார் சொல்லி'. வருகிறவர்கள் எல்லோரிடமும் அவர் முதலில் கேட்கும் கேள்வி அது என்பது எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவரையும் பெண் பார்க்க வருகிறவரையும் அப்படித்தான் கேட்போம். அது உபசார வார்த்தை என்று நினைத்திருந்தேன். அவர் கணக்கு எழுதி வந்திருக்கிறார்.

புதுக்கோட்டையில் ஒரு கொத்தனார். நான்கு ஆண்டுகளில் அவர் பெயர் மூன்று இடத்தில்தான் வருகிறது. மூன்று பேரும் கல் வாங்கியிருக்கிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றை விடுதியாக்கியவர்கள் பெயர் அடிக்கடி வருகிறது. பிறகு, சுற்றுலா வருகிறவர்களைக் கூட்டிவரும் ஒரு தரகர். அவர் பெயர் முதல் பத்துப் பக்கங்களில் நிரம்பி வழிகிறது. அதன்பிறகு அவர் பெயர் வரும் இடங்களில் எல்லாம் மேலே ஒரு கோடு.

"இவர் பெயரை ஏன் அடித்திருக்கிறீர்கள்?"

"அவர் எல்லாப் பட்டறையிலும் கமிஷன் வாங்குகிறார் தம்பி. யார் கூடக் கொடுக்கிறார்களோ அங்கே கூட்டிப்போவார். கூட்டிவரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. காபி கொடுப்போம். ஆனால் அவர் சொல்லி வந்தார்கள் என்பதற்காகக் கல்லை எடுத்து வைக்க மாட்டேன்."

"கொத்தனார் சொன்னால்?"

"முன்பணம்கூடக் கேட்க மாட்டேன். கல் விரிசல் விட்டால் வீட்டுக்காரர் என்னை வந்து கேட்கப்போவதில்லை. பதித்த கொத்தனாரைத்தான் கேட்பார். அவர் யோசிக்காமல் சொல்வாரா?"

இதுதான் அந்தப் பிற்பகல். கேட்கும்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காரைக்குடிக்குத் திரும்பும் வழியில் பைக்கை ஓரம் கட்டி நிறுத்தினேன். தரகரை அவர் விரட்டவில்லை, சண்டை போடவில்லை, எண்ணாமல் விட்டிருக்கிறார். 2016-க்குப் பிறகான பெங்குவின் அந்த நீள நோட்டில் பேனாக் கோடாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் பதினொரு இடத்தில் 'தம்பி' என்று எழுதியிருந்தது. விலை கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள். இணையத்தில் பார்த்தோம் என்று சொல்லியிருப்பார்கள். இணையம் என்றால் அவருக்கு நான். அந்தப் பதினொன்றின்மேலும் கோடு.

பங்கு பிரிக்கும் கணக்கு

கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்தபோது பேஜ்ரேங்க் பற்றி எழுதிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை நான் முன்பே படித்திருந்தேன். ஆய்வாளர்கள் ஒருவர் கட்டுரையை மற்றவர் மேற்கோள் காட்டுவதை எண்ணுவது போல, பக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுவதை எண்ணலாம் என்பது அடிப்படை. வெறுமனே எண்ணுவது இல்லை என்பதில்தான் அதன் அழகு. மதிப்புள்ள பக்கம் சுட்டினால் மதிப்பு கூடுதல். அதோடு, ஒரு பக்கம் தன்னிடம் உள்ள மதிப்பைத் தான் சுட்டும் எல்லாப் பக்கங்களுக்கும் பங்கு பிரிக்கிறது. நான்கு பேரைச் சுட்டினால் கால் பங்கு, நானூறு பேரைச் சுட்டினால் நானூறில் ஒன்று. சலித்துப்போய் வேறெங்கோ தாவிவிடும் வாசகருக்காக ஒரு கழிவும் உண்டு. இணைப்பைத் தொடர்ந்து போகும் வாய்ப்பை அவர்கள் வழக்கமாக 0.85 என்று வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நான்தான், நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பிரித்துக்கொடுத்துத் தீர்ந்துபோன பக்கங்களில் துளித்துளியாகப் பங்கு வாங்கக் காசு கொடுத்தேன். படிப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு போலிருக்கிறது.

கொத்தனார் ஏன் உயர்ந்தவர் என்பதற்கு அந்தக் கணக்கில் பாதி விடைதான் இருக்கிறது. அவர் குறைவாகச் சொல்கிறார், சரி. மீதிப் பாதி, சொல்வதால் அவர் எதையோ பணயம் வைக்கிறார் என்பது. நான் இப்போது ஓர் இணைப்பைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான்: நாம் மோசமாக இருந்தால், நம்மைச் சுட்டியவர்களுக்கு என்ன நஷ்டம்? அந்த 38 தளங்களுக்கும் ஒரு காசு நஷ்டம் இல்லை. அவற்றுக்கு இழக்க வாசகரே கிடையாது.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான்களுக்கு நடுவே எப்போதாவது பர்மா, மலாயாக் காலத்துக் கடிதங்களும் பேரேடுகளும் கிடைக்கும். கம்பெனிக்குப் பெயராக முன்னோர்களின் முதலெழுத்துகளைக் கோத்து எழுதுவார்கள். அதற்கு விலாசம் என்று பெயர். இன்னாருக்குப் பணம் கொடுக்கவும் என்று எழுதிக்கொடுக்கும் உண்டியல் தாளின் மதிப்பு எந்த விலாசம் அதில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விலாசம் என்றால் முகவரி, விலாசம் என்றால் நற்பெயர். இணைப்பு என்பதும் முகவரிதானே என்று ஒரு கூட்டத்தில் நான் இதை உவமையாக அவிழ்த்து விட்டேன், கைதட்டலும் கிடைத்தது. அண்ணனிடம் பெருமையாகச் சொன்னபோது, "உண்டியல் வந்தால் அந்த விலாசக்காரர் பணத்தை எண்ணி வைக்க வேண்டும் தம்பி. உன் லிங்க் போடுகிறவர் என்ன வைக்கிறார்?" என்றார். அந்த உவமையை நான் அதற்குப் பிறகு மேடையில் சொல்வதில்லை.

செய்யக் கூடாதவை

நல்ல இணைப்பு எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை, எதிர்ப்புதான் இருந்தது. தளத்தில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும் என்று அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், சிமெண்டை அது தின்றுவிடும். தொடக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கலாம், பயப்படாதீர்கள், துடைக்கத் துடைக்கப் போகும். கையால் ஊற்றுவதால் நிறம் கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறும். எல்லாம் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல் வேண்டும் என்றால் எங்களிடம் வாங்காதீர்கள். கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை கெஞ்சினேன். "அந்த வரிக்காகத்தான் பக்கமே" என்றார்.

சில மாதங்கள் கழித்து, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், இணைப்புகள் பகுதியில் புதிதாக ஒரு பெயர். கோயம்புத்தூரில் ஓர் ஆர்க்கிடெக்ட் அம்மா, தான் கட்டிய வீட்டின் தரையைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். நடுவில் ஒரு பத்தியில், ஆசிட் பட்டால் என்ன ஆகும் என்பதைச் 'செய்கிறவர்களே எழுதியிருக்கிறார்கள்' என்று சொல்லி, அந்தச் சொற்களில் எங்கள் பக்கத்தை இணைத்திருந்தார். 'டைல்ஸ்' என்ற சொல்கூட அதில் இல்லை. முகப்புப் பக்கத்துக்கு இல்லை, நான் வெட்டப் பார்த்த அந்தப் பக்கத்துக்கு இணைப்பு. தரை, சுவர், வீடு என்று எழுதுகிற தளம். முடி எண்ணெய் இல்லை. கட்டுரை முழுக்க வெளி இணைப்புகள் நான்கோ ஐந்தோ. படிக்கிறவர் கண் போகும் இடத்தில், வாக்கியத்துக்குள், இருந்தது. இடமும் முக்கியம். கூகுள் 2004-இல் விண்ணப்பித்து 2010-இல் பெற்ற ஒரு காப்புரிமை, பக்கத்தில் எங்கே, எப்படி இருக்கிறது என்பதை வைத்து ஓர் இணைப்பை வாசகர் சொடுக்கும் வாய்ப்பு மாறும், அதற்கேற்ப அதன் எடையும் மாறலாம் என்கிறது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அடுக்கி வைத்த இணைப்பும், பத்தியின் நடுவில் காரணத்தோடு வரும் இணைப்பும் ஒன்றில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அம்மா தன் வாடிக்கையாளர்கள் படிக்கிற இடத்தில் இதை வைத்திருந்தார். நாங்கள் எழுதியது பொய்யானால் கேள்வி அவரிடம் போகும். புதுக்கோட்டைக் கொத்தனாரின் நிலைமைதான்.

மறுநாளே முதலிடம் வந்துவிடவில்லை. அவர் கட்டுரையைப் படித்தவர்களில் இன்னும் இரண்டு பேர் தங்கள் தளங்களில் எங்கள் பக்கத்தைச் சுட்டினார்கள். கறை, உப்பு, ஆசிட் என்று தேடியவர்கள் வந்தார்கள். ஓர் ஆண்டுக்குள், 'விலை' என்ற அந்தப் பழைய தேடலிலும் முதல் பக்கத்தின் நடுவில் வந்து நின்றோம். இம்முறை படம் பிடித்து அனுப்பவில்லை.

கானாடுகாத்தான் விடுதியின் தளத்திலும் எங்களுக்கு ஓர் இணைப்பு உண்டு. அதில் 'நோஃபாலோ' குறி இருக்கிறது. கருத்துப் பெட்டிகளில் குப்பை இணைப்புகள் பெருகியதால் 2005 ஜனவரியில் கூகுளும் யாஹூவும் எம்எஸ்என்னும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட குறி அது; இந்த இணைப்புக்கு நான் பொறுப்பில்லை என்று தேடுபொறிக்குச் சொல்வது. 2019-இல், இதை இனி கட்டளையாக அல்லாமல் குறிப்பாக எடுத்துக்கொள்வோம் என்று கூகுள் அறிவித்தது. விளம்பர இணைப்புக்கும் பயனர் எழுதும் இணைப்புக்கும் தனித்தனிக் குறிகளைக் கொண்டுவந்தது. என் தொழிலில் நோஃபாலோ என்றால் குப்பை என்று ஒதுக்குகிறார்கள். நீள நோட்டைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. விடுதித் தரையில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வருகிறவர்களிடம் விலை பேசவே வேண்டியதில்லை.

இன்னும் ஒரு முகவரி

சென்ற மாதம் அண்ணன் கூப்பிட்டார். எங்கள் தளத்தில் ஒரு வரி போட்டால் மாதம் 4,000 ரூபாய் தருவதாக ஒருவர் தொலைபேசியில் சொன்னாராம். விசாரித்தேன். சீட்டாட்டச் செயலி. "இப்போது நம்மிடமே வாங்க வருகிறார்கள்" என்று எனக்குள் ஒரு சின்னக் கர்வம் எட்டிப் பார்த்ததை மறைக்கவில்லை. அண்ணன் அதை ஏற்கெனவே மறந்திருந்தார். அவர் கூப்பிட்ட காரணம் வேறு.

திண்ணைக்கு ஓரம் கட்டும் பழைய கொடி வடிவத்துக்கு அவரிடம் அச்சு இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரரிடம் இருக்கிறது. கேட்டு வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். ஆகவே நம் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதி, அங்கே போகச் சொல்ல வேண்டும். போட்டிக் கடைக்கு நாமே இணைப்பா என்று இழுத்தேன். "அவர் கல்லை நான் பார்த்திருக்கிறேன். நன்றாகச் செய்வார்" என்றார், அதற்குமேல் பேச்சில்லை. எழுத உட்கார்ந்தேன். இணைப்புக் கொடுக்க அவரிடம் இணையதளமே இல்லை. பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் வெறும் எழுத்தாகப் போட்டேன். எந்தத் தேடுபொறியும் இதை இணைப்பாக எண்ணாது.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மறுபடி கூப்பிட்டார். அந்த எண்ணைத் தானே அடித்துப் பார்த்தாராம், வேறு யாரோ எடுத்தார்களாம். கடைசி இலக்கம் ஏழு, நான் ஒன்று என்று போட்டிருந்தேன். இப்போதே மாற்று, காலையில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மாற்றினேன். மாற்றிவிட்டேன் என்று சொன்ன பிறகும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.